உட்கார்ந்த அளவு

இடுப்பு எங்கே இருக்கிறதென்று
நாற்பத்தாறு வயதில்தான் தேடினேன்.
ஒரு எலாஸ்டிக் துண்டை வயிற்றைச் சுற்றிக் கட்டி
இடமும் வலமும் சாய்ந்தால்
அதுவே உருண்டுபோய் ஓரிடத்தில் நிற்கும்,
அதுதான் இடுப்பு என்றது தையல் புத்தகம்.
நின்றது.
நான் நினைத்திருந்ததற்கு நான்கு விரல் மேலே.

கடைப் பேண்ட்டுகளுக்கு இது தெரியாது.
தேக்காவில் வாங்கியது தொடையைப் பிடித்தது.
உட்லண்ட்ஸில் வாங்கியது முதுகுப் பக்கம் வாய் பிளந்தது.
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு கை
பின்னால் போய் இழுத்துவிட்டுத் திரும்பும்.
என் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பார்த்திருப்பார்கள்.

அருள்தாஸ் டேப் பிடித்தார்,
இரவு ஷிப்ட் முடிந்து வந்து, இன்னும் சாப்பிடாமல்.
இடுப்பு எண்பத்தொன்பது.
அடுத்து பிருஷ்டச் சுற்றளவு என்று போட்டிருந்தது.
அந்தச் சொல்லுக்கே கொஞ்ச நேரம் சிரித்தோம்.
நூற்றுநான்கு, என்றார்
என் பின்னாலிருந்து, மெதுவாக,
எதிர் புளோக்குக்குக் கேட்டுவிடும்போல.

வளைகோல் ஒன்று வாங்கியிருந்தேன்.
ரப்பருக்குள் ஈயம், வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும்.
முன் எலாஸ்டிக்கிலிருந்து கால்களுக்கு நடுவே
பின் எலாஸ்டிக் வரை கொண்டுபோய் அழுத்தி
கலையாமல் எடுத்தேன்,
நிரம்பிய குழம்புச் சட்டியை இறக்குகிறவள் மாதிரி.
பழைய நாளிதழின் மேல் வைத்து வரைந்தால்
ஒரு தூண்டில் முள்.
முன்பக்கம் குட்டை, பின்பக்கம் நீளம்.
இத்தனை வருடம் நான் உட்கார்ந்திருந்தது இதன்மேல்தானா?
பென்சில் கோட்டுக்குக் கீழே வீட்டு விளம்பரம்:
ஐந்தறை, உயர்மாடி, மறைப்பில்லாத காட்சி.

பழைய படுக்கை விரிப்பில் வெட்டித் தைத்தேன்.
ஏறியது. குனிந்தேன்.
மஞ்சள் பூக்களுக்கு நடுவே
டர்ரென்று போனது.

அருள்தாஸ் தரையைப் பார்த்தார்.
"நூற்றேழு," என்றார்.
"நூற்றேழரைகூட இருக்கலாம்."
"அப்ப ஏன்?"
"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு."

மூன்றரை சென்டிமீட்டர்.
இருபத்திரண்டு வருடத்தில்
எனக்காக அவர் சொன்ன பொய்யை
டேப் வைத்து அளக்க முடிந்தது அன்றைக்குத்தான்.
கோபப்படத்தான் ஆரம்பித்தேன்.
கிழிந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு
எவ்வளவு நேரம் கோபப்பட முடியும்?

கால் வலித்தது. மரநாற்காலியில் உட்கார்ந்தேன்.
உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது,
நான் நிற்பது எப்போது?
வண்டி நிற்கும்போதுகூட
நான் உட்கார்ந்துதானே இருக்கிறேன்.
வலது காலை நீட்டினேன்,
ஸ்டியரிங் பிடிக்கிறமாதிரி கைகளைத் தூக்கினேன்.
"இப்ப அளங்க."

பின்பக்கக் கோடு நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது.
வலது பக்கம் இடதைவிட ஒன்றரை அதிகம்.
"ஆக்சிலரேட்டர் கால்," என்றார்
மெக்கானிக் குரலில்.
சுற்றளவை இந்த முறை சத்தமாகச் சொன்னார்.
நூற்றுப்பத்து!
எதிர் புளோக்கில் ஒரு அம்மாள்
மூங்கில் கழியில் சட்டைகளைக் கோர்த்து
சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.
கேட்டிருக்கும்.

நான்காவது பேண்ட்டு கருநீலம்.
சூப்பர்வைசர் நிறத்தை மட்டும் பார்த்தார்.
நின்றால் பின்பக்கம் கொஞ்சம் தொங்கும், தெரியும்.
புக்கிட் பாத்தோக், ஐந்து பத்து, முதல் வண்டி.
இடது வளைவில் ஒடித்தபோது
துணியும் கூடவே சாய்ந்தது, ஒன்றும் சொல்லாமல்.
சிவப்பு விளக்கில் பழக்கத்தில்
ஒரு கை பின்னால் போனது.
அங்கே அதற்கு வேலையில்லை.
கொஞ்ச நேரம் மடியில் கிடந்தது.

டெர்மினலில் இறங்கி
லாக்கர் சாவியைப் போடத் தடவினால்
பாக்கெட் வைக்க மறந்திருக்கிறேன்.